நான்கு சில்லுகளும் ஒரு விசையும்

மாட்டு வண்டியின் சில்லுக்குச் சுமப்பதன்றி வேறு தொழில் இல்லை. இழுப்பது மாடு, சில்லோ அச்சைச் சுற்றித் தன்போக்கிற் சுழலும். வண்டி வளைவிலே திரும்பும்போது வெளிப்புறச் சில்லு விரைந்தும் உட்புறச் சில்லு தாழ்ந்தும் சுழல்வதை எவரும் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால், மோட்டார் வண்டி தோன்றியபோது சில்லு மாட்டின் தொழிலையும் ஏற்றுக்கொண்டது. சுமப்பதும் அதுவே, தரையை உதைத்து வண்டியை முன்தள்ளுவதும் அதுவே. அன்றே ஒரு சிக்கலும் உடன் பிறந்தது. ஒரே எஞ்சினால் இயக்கப்படும் சில்லுகள் வெவ்வேறு வேகத்திற் சுழலவும் வேண்டும். அதேவேளையில் எல்லாம் ஒருங்கே உழைக்கவும் வேண்டும். இவ்விரு தேவைகளையும் ஒன்றாக நிறைவேற்றுவது எங்ஙனம் என்ற வினாவுக்கு விடை காணப் பொறிவல்லாருக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

நாற்சில்லு உந்தல் என்றவுடன் போர்க்களத்து ஜீப்பும், காட்டு வழிச் செல்லும் லாண்ட் ரோவரும் பலருக்கு நினைவில் எழும். ஆயினும், அக்கலை முதிர்ச்சியடைந்த கதையை அறிய விரும்புவோர் நோக்க வேண்டியது வேறோர் ஊர்தியை. 1980களிலும் 1990களிலும் ஐரோப்பாவிலும் யப்பானிலும் வட அமெரிக்காவிலும் குடும்பங்களைச் சுமந்து சென்ற மினிவான் வண்டியே அது. எந்தப் பிடியை எப்போது இழுக்க வேண்டும் என்று படைவீரனுக்குப் பயிற்சி அளிக்கலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் தாய்க்கு அத்தகைய பயிற்சி இல்லை. பனி உறைந்த வளைவிலே பிடியைத் தேடுவதற்கு நேரமும் இல்லை. ஆகவே, சாரதி அறியாமலே தன் கடமையைச் செய்யும் ஓர் அமைப்பு வேண்டப்பட்டது. அவ்வமைப்பு உருவாகிய வரலாறு சுவை மிக்கது, பயனும் உடையது.

சிக்கலின் அளவை எளிய கணக்கொன்று காட்டும். இடச் சில்லுக்கும் வலச் சில்லுக்கும் இடையே 1.5 மீற்றர் இடைவெளி உள்ள வண்டி ஒன்று முழு வட்டம் ஒன்றைச் சுற்றி வருவதாகக் கொள்க. அவ்வொரு சுற்றில் வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லைக் காட்டிலும் ஏறக்குறைய 9.4 மீற்றர் கூடுதலாக ஓடியிருக்கும். வட்டம் பெரிதாயினும் சிறிதாயினும் இவ்வேறுபாடு மாறாது. இரு சில்லுகளும் ஒரே தண்டில் இறுகப் பிணைக்கப்பட்டிருப்பின் இந்த 9.4 மீற்றரும் ஏதேனும் ஒரு சில்லு தரையில் உராய்ந்தே தீர வேண்டும். ரயர் தேயும், தண்டு முறுகும், வண்டி திரும்ப மறுக்கும்.

இச்சிக்கலுக்கு முதல் விடையைத் தந்தவர் ஒரு கடிகாரத் தொழில் வல்லுநர். பாரிஸ் நகரைச் சேர்ந்த ஒனெசிபோர் பெக்கேர் என்பவர் 1827ஆம் ஆண்டில், நீராவி வண்டி ஒன்றுக்கென, இரு சில்லுகளுக்கும் இடையே பற்சில்லுத் தொகுதி ஒன்றை அமைத்து அதற்குக் காப்புரிமை பெற்றார். டிபரென்சியல் என்று இன்று எல்லா மோட்டார்ப் பட்டறைகளிலும் வழங்கப்படுவது அதுவே. வண்டி நேரே செல்லுங்கால் அத்தொகுதி முழுவதும் ஓருடலாகச் சுழல்கிறது. வண்டி திரும்புங்கால் உள்ளேயுள்ள சிறு பற்சில்லுகள் தம்மைத் தாமே சுற்றிக்கொண்டு, ஒரு பக்கத்தில் எத்துணை வேகம் குறைந்ததோ அத்துணை வேகத்தை மறுபக்கத்துக்குச் சேர்த்து விடுகின்றன. வேகம் வேறுபடலாம், விசையோ இரு பக்கத்துக்கும் சமமாகவே செல்லும்.

இச்சமத்துவம் நல்ல வீதியில் நன்மையே செய்தது. வழுக்கும் வீதியில் அதுவே தீங்காயிற்று. டிபரென்சியலைத் தராசு ஒன்றுக்கு ஒப்பிடலாம். தராசின் ஒரு தட்டு எவ்வளவு எடையைத் தாங்குகிறதோ அவ்வளவுதான் மற்றத் தட்டும் தாங்கிச் சமநிலையில் நிற்க முடியும். ஒரு சில்லு பனிக்கட்டியின்மேல் நிற்கிறது. மற்றச் சில்லு உறுதியான தரையில் நிற்கிறது. பனிக்கட்டியின்மேல் நிற்கும் சில்லால் மிகச் சிறிய விசையையே தரைக்குக் கொடுக்க முடியும். டிபரென்சியல் சமமாகவே பங்கிடுவதால், உறுதியான தரையில் நிற்கும் சில்லுக்கும் அந்தச் சிறிய விசையே கிட்டும். விளைவாக, வழுக்கும் சில்லு வீணே சுழல, மற்றது அசைவற்று நிற்கும். எஞ்சினின் வலிமை எவ்வளவாயினும், வலுக் குறைந்த சில்லின் நிலையே முழு வண்டியின் நிலையைத் தீர்மானிக்கும்.

வழுக்கலை வெல்ல நான்கு சில்லுகளையும் உழைக்கச் செய்வதே வழி என்று பலர் கருதினர். 1893ஆம் ஆண்டில் பிரமா டிப்லொக் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர், நீராவி இழுவை இயந்திரம் ஒன்றுக்கான நாற்சில்லு உந்தல் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1900ஆம் ஆண்டளவில் இளைஞராயிருந்த பெர்டினன்ட் போர்ஷே, வியன்னா நகரத்து லோனர் தொழிற்சாலையிலே, ஒவ்வொரு சில்லின் குடத்துக்குள்ளும் ஒரு மின்மோட்டாரை வைத்து வண்டி ஒன்றை அமைத்தார். அவ்வண்டியில் தண்டும் இல்லை, பற்சில்லும் இல்லை. நான்கு சில்லுக்கும் நான்கு மோட்டார்கள். ஆனால் மின்கலங்களின் பளு அதனை வருத்தியது. ஒல்லாந்தின் ஸ்பைக்கர் சகோதரர்கள் 1903ஆம் ஆண்டில் ஆறு உருளைகள் கொண்ட பெற்றோல் எஞ்சினுடனும், நான்கு சில்லுக்கும் உந்தலுடனும், நான்கு சில்லுக்கும் தடுப்புடனும் கூடிய பந்தய வண்டியைச் செய்தனர். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துக் கிளின்டன்வில் என்னும் சிற்றூரில் ஒட்டோ சாக்கோவும் வில்லியம் பெசர்டிச்சும் 1908ஆம் ஆண்டளவில் தொடங்கிய முயற்சி, முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கான நாற்சில்லு லொறிகளாகச் சேறு நிறைந்த களங்களில் ஓடியது.

நான்கு சில்லையும் இயக்குவது அன்றே கைகூடிவிட்டது என்பதை இவை காட்டும். கைகூடாதவை வேறு இரண்டு. முன்சில்லு திரும்பவும் வேண்டும், இயங்கவும் வேண்டும். வளைந்த நிலையில் சாதாரண மூட்டு ஒன்றினூடாகச் சுழற்சியைச் செலுத்தினால், ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடியும் குறைந்தும் சில்லு துடிக்கும். இக்குறையை 1920களில் ஆல்பிரட் செப்பா என்ற பொறியியலாளர் நீக்கினார். ஆறு உருக்குக் குண்டுகளைக் கிண்ணம் போன்ற ஒரு கூட்டுக்குள் வைத்து, எந்தக் கோணத்திலும் ஒரே சீராகச் சுழலும் மூட்டை அவர் அமைத்தார். இக்காலத்து முன்சில்லு உந்தல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் அம்மூட்டின் வழித்தோன்றல்களே உள்ளன.

இரண்டாவது குறை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைப்பட்டது. வளைவிலே முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன. அச்சிடைத் தூரம் 2.8 மீற்றர் உள்ள வானின் பின்னச்சு 5 மீற்றர் ஆரையுடைய வட்டத்தில் ஓடும்போது, முன்னச்சின் நடு 5.7 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஆரையில் ஓடும். ஒரு சுற்றில் நாலரை மீற்றருக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டாகும். முன்னச்சையும் பின்னச்சையும் இறுகப் பிணைத்தால் அவ்வேறுபாடு போக்கிடமின்றித் தண்டுகளுக்குள்ளே முறுக்காகச் சேரும். அச்சுகளின் நடுவே மூன்றாவது டிபரென்சியல் ஒன்றை வைத்தால் முறுக்கு நீங்கும். ஆனால் தராசின் பழைய குறை இரட்டிப்பாகும். நான்கு சில்லுகளில் ஏதேனும் ஒன்று பனிக்கட்டியில் அகப்பட்டாலும் நான்குமே விசை இழந்துவிடும். இறுகப் பிணைத்தால் திரும்ப முடியாது. தளர விட்டால் ஏற முடியாது. நாற்சில்லு உந்தலின் வரலாறு முழுவதும் இவ்விரு கரைகளுக்கிடையே ஓடிய ஆறு எனலாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜீப் இச்சிக்கலைத் தீர்க்கவில்லை, சாரதியிடம் ஒப்படைத்தது. 1940ஆம் ஆண்டில் அமெரிக்கன் பாண்டம் நிறுவனம் முதன்மாதிரியைச் செய்ய, வில்லிஸ், போர்ட் நிறுவனங்கள் போர் முடியுமுன் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. சேற்றில் இறங்குமுன் சாரதி ஒரு பிடியை இழுத்து முன்னச்சை இணைத்துக்கொள்ள வேண்டும். கல் வீதிக்கு ஏறியதும் அதனை விடுவித்துவிட வேண்டும். 1948ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் வெளிவந்த லாண்ட் ரோவரும் சில ஆண்டுகளில் இம்முறையையே கைக்கொண்டது. பிடியை விடுவிக்க மறந்த சாரதிகளின் வண்டிகளிலே ரயர்கள் தேய்ந்தன, பற்கள் உடைந்தன.

சாரதியின் நினைவாற்றலை நம்பாத முறை ஒன்றைத் தேடியவர்களுள் முதன்மையானவர் ஹரி பெர்கூசன். அவருடைய பெயர் உலகெங்குமுள்ள உழவர்களுக்கு உழவு இயந்திரத்தின் வாயிலாகத் தெரிந்த பெயர். இலங்கையின் நெல்வயல்களிலும் மாசி பெர்கூசன் உழவு இயந்திரம் நன்கு அறியப்பட்டதே. வட அயர்லாந்தில் 1884ஆம் ஆண்டு பிறந்த அவர், தம் பிற்காலத்திலே பாதுகாப்பான மோட்டார் வண்டி ஒன்றைப் படைப்பதையே பெருங்குறிக்கோளாகக் கொண்டு 1950இல் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை அமைத்தார். அவருக்குத் துணைநின்ற ரோனி றோல்ட், போர்க் காலத்தில் ஜேர்மனியின் கோல்டிட்ஸ் கோட்டையில் சிறையிருந்து, தப்பிச் செல்லச் சிறைக்கூரையின் கீழ் மறைவாக மிதவை விமானம் ஒன்றைக் கட்டும் திட்டத்திற் பங்குகொண்டவர். 1953ஆம் ஆண்டு லெமான் பந்தயத்தில் வென்றவர்களுள் ஒருவர். பெர்கூசன் 1960இல் மறைந்தார். அடுத்த ஆண்டே அவருடைய நாற்சில்லுப் பந்தய வண்டியைச் செலுத்தி ஸ்ரேர்லிங் மொஸ் இங்கிலாந்தின் ஓல்டன் பார்க் பந்தயத்தில் வெற்றி கண்டார். 1966ஆம் ஆண்டில் அம்முறையைத் தாங்கி ஜென்சன் எப்எப் என்னும் வண்டி விற்பனைக்கு வந்தது. அதன் நடு டிபரென்சியல் விசையில் நூற்றுக்கு 37 பங்கை முன்னச்சுக்கும் 63 பங்கைப் பின்னச்சுக்கும் பகிர்ந்தது. சிறந்த வண்டியேயாயினும் விலை மிகுதி. 1971 வரையில் விற்றவை 320 மாத்திரமே.

1971இல் றோல்ட் தனியே ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, பாகுப் பிணைப்பு என்று தமிழிற் கூறத்தக்க கருவியை மோட்டார் வண்டிக்கு ஏற்றதாக வளர்த்தெடுத்தார். விஸ்கஸ் கப்ளிங் என்று மெக்கானிக்மார் வழங்குவது இதனையே. அதன் அமைப்பு வியப்பூட்டும் எளிமை உடையது. மூடிய உருளை ஒன்றினுள் மெல்லிய உருக்குத் தட்டுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. ஒன்றுவிட்ட தட்டுகள் உருளையின் ஓட்டோடும், இடைப்பட்ட தட்டுகள் நடுத்தண்டோடும் பிணைக்கப்பட்டுள்ளன. ஒரு தட்டும் அடுத்ததைத் தொடுவதில்லை. இடைவெளிகளில் தடித்த சிலிக்கோன் பாகும், விரிவதற்கு இடமாகச் சிறிது காற்றும் உள்ளன. ஓடு ஓரச்சோடும் தண்டு மற்றையச்சோடும் இணைக்கப்படுகின்றன.

பனம்பாணி நிறைந்த பானையிலே அகப்பையை மெல்ல அசைத்தால் அது இலகுவாகச் செல்லும். விரைந்து சுழற்றினால் பானையும் கூடவே திரும்பும். பாகுப் பிணைப்பின் தொழிலும் அத்தகையதே. வளைவிலே முன்னச்சும் பின்னச்சும் சிறிதளவு வேறுபட்டுச் சுழலும்போது பாகு இடங்கொடுக்கிறது, முறுக்கு உண்டாவதில்லை. ஓரச்சின் சில்லுகள் பனியில் வழுக்கி வேகமாகச் சுழலத் தொடங்கினாலோ பாகு தட்டுகளைப் பற்றி இழுத்து, மற்றையச்சுக்கும் விசையைக் கொண்டு செல்கிறது. பனம்பாணிக்கும் சிலிக்கோனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாணி சூடேறினால் பெரிதும் இளகிவிடும். சிலிக்கோன் அவ்வளவாக இளகுவதில்லை, ஆனால் விரிகிறது. வழுக்கல் நீடித்தால் உள்ளே சூடு மிகுந்து, பாகு விரிந்து, காற்று ஒடுங்கி, அமுக்கம் உயர்ந்து, இறுதியில் தட்டுகளே ஒன்றையொன்று நெருக்கிப் பற்றிக்கொள்ளும். அப்போது இரு அச்சுகளும் ஏறக்குறைய ஓருடலாகிவிடும். வழுக்கல் நின்று சூடு தணிந்ததும் பிடி தானே தளரும். இணைக்க ஒரு கையும் வேண்டாம். விடுவிக்க ஒரு நினைவும் வேண்டாம். அமெரிக்கன் மோட்டர்ஸ் நிறுவனம் 1980ஆம் ஆண்டின் ஈகிள் வண்டியில் இக்கருவியைப் பொதுமக்களுக்கு அளித்தது.

இக்காலத்திலேதான் வான் வண்டி மேடைக்கு வருகிறது. யப்பானில் மிட்சுபிஷி நிறுவனம் 1982ஆம் ஆண்டிலேயே டெலிக்கா வானுக்கு நாற்சில்லு உந்தல் அளித்தது. ஆனால் அது பஜேரோ ஜீப்பு வகையின் அமைப்பைத் தழுவி, சாரதி பிடியை இழுத்து இணைக்கும் பழைய முறையிலானது. ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் நிறுவனத்தில் குஸ்தாவ் மாயரும் அவர் துணைவர்களும் 1970களிலேயே நாற்சில்லு வான்களைச் செய்து சகாராப் பாலைவனத்திலும் ஓட்டிப் பார்த்திருந்தனர். அதன் பயனாக 1985ஆம் ஆண்டில் சிங்க்ரோ என்னும் வகை வெளிவந்தது. அதனை ஒஸ்திரியாவின் கிராஸ் நகரத்து ஸ்ரையர் டைம்லர் புக் தொழிற்சாலை பொருத்தி அமைத்தது.

அவ்வானின் எஞ்சின் பின்புறம் அமைந்தது. கியர்ப் பெட்டியிலிருந்து நீண்ட தண்டு ஒன்று வண்டியின் அடியால் முன்னச்சுக்குச் சென்றது. முன் டிபரென்சியலின் முகப்பிலே பாகுப் பிணைப்பு அமர்ந்திருந்தது. உலர்ந்த வீதியில் பின்சில்லுகளே பெரும்பாலும் உழைக்கும். அவை வழுக்கிய கணத்திலே முன்சில்லுகள் துணைக்கு வரும். நடு டிபரென்சியலே இவ்வமைப்பில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. மூன்றாவது தராசை நீக்கிவிட்டு, அதன் இடத்திலே விட்டுக்கொடுக்கவும் பற்றிக்கொள்ளவும் தெரிந்த பாகு ஒன்று வைக்கப்பட்டது.

அமெரிக்காவிலே மூன்று பெரு நிறுவனங்கள் மூன்று வழிகளில் சென்றன. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1990ஆம் ஆண்டின் அஸ்ரோ வானிலே, முன்புற எஞ்சினிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் வழியில் பகிர்வுப் பெட்டி ஒன்றை வைத்து, அதனுள் பாகுப் பிணைப்பைப் பொருத்தியது. 1999இல் அதனைக் கைவிட்டு மின்கட்டுப்பாட்டுக் கிளச்சுக்கு மாறியது. போர்ட் நிறுவனம் 1990இன் ஏரோஸ்ரார் வானிலே, நடு டிபரென்சியலோடு மின்னாற் பூட்டும் கிளச்சு ஒன்றைச் சேர்த்தது. இரு அச்சுகளின் வேகத்தையும் சிறு கணினி ஒன்று கண்காணித்து, வழுக்கல் கண்டவுடன் டிபரென்சியலைப் பூட்டியது.

கிறைஸ்லர் நிறுவனத்தின் வழி இன்னும் நுட்பமானது. 1984ஆம் ஆண்டு வகையாகத் தோன்றிய அதன் மினிவான், எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சில்லுகளை மாத்திரம் இயக்கியது. அதனாலேயே அடித்தளம் தாழ்வாகவும் தட்டையாகவும் அமைந்து, தாய்மாரும் முதியோரும் இலகுவாக ஏற முடிந்தது. 1991ஆம் ஆண்டு வகையிலே முன்புறக் கியர்ப் பெட்டியிலிருந்து பின்னோக்கித் தண்டு ஒன்று இழுக்கப்பட்டு, பாகுப் பிணைப்பின் வழியாகப் பின்னச்சு இணைக்கப்பட்டது. ஆனால் ஓர் ஐயம் எழுந்தது. சாரதி தடுப்பை அழுத்தும்போது முன்சில்லுகள் சுழற்சி இழந்தால், பாகு பின்சில்லுகளையும் பற்றி நிறுத்தி, வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கச் செய்யாதோ? அதனைத் தவிர்க்கவே ஒருவழிக் கிளச்சு ஒன்று சேர்க்கப்பட்டது. மிதிவண்டியிலே மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சில்லு தன்போக்கில் ஓடுவது போல, தடுப்பிடும்போது பின்சில்லுகள் முன்சில்லுகளின் பிடியிலிருந்து விடுபட்டன. அக்கிளச்சு பின்னோக்கிச் செல்ல உதவாது. ஆகையால் முதற்காலத்து அமைப்பில் வண்டி பின்செல்லும்போது பூட்டுவதற்கென வேறு பொறியும் வைக்கப்பட்டது.

யப்பானின் டொயோட்டா நிறுவனம் 1990இல் வெளியிட்ட எஸ்டிமா, மேல்நாடுகளில் பிரேவியா எனப்பட்டது. அதன் எஞ்சின் 75 பாகை சாய்த்துப் படுக்க வைக்கப்பட்டு, முன்னிருக்கைகளின் அடியில் அமைந்தது. அதன் நாற்சில்லு வகையும் பாகுப் பிணைப்பையே நம்பியது. ஹொண்டா நிறுவனம் 1990களில் தன் குடும்ப வண்டிகள் சிலவற்றுக்கு இரட்டைப் பம்பு முறையைக் கைக்கொண்டது. ஒரு எண்ணெய்ப் பம்பை முன்னச்சின் தண்டும் மற்றதைப் பின்னச்சின் தண்டும் சுழற்றின. வேகம் சமமாயிருக்கும்வரை ஒன்று தள்ளும் எண்ணெயை மற்றது ஏற்றுக்கொள்ளும். முன்சில்லு வழுக்கி விரைந்தால் எண்ணெய் மிகுந்து, அவ்வமுக்கமே கிளச்சை அழுத்திப் பின்னச்சை இணைத்தது.

யப்பானின் வடபகுதியில் ஆண்டுதோறும் பெரும்பனி பெய்கிறது. அந்நாட்டு வான்களுக்கு நாற்சில்லு உந்தல் இன்றியமையாததாயிற்று. அந்நாட்டிலும் இலங்கையிலும் வீதியின் இடப்புறமே வண்டிகள் செல்வதால், பயன்படுத்திய யப்பானிய வான்கள் பல இலங்கைக்கும் வந்தன. அவற்றுட் சிலவற்றில் பனிக்கென அமைந்த இப்பொறியும் உடன் வந்தது. பனியறியா நாட்டிலும் மழைநாளின் செம்மண் ஏற்றங்களில் அதற்கு வேலை உண்டு.

இத்தகைய பழைய வான்களை வைத்திருப்போர் அறிந்திருக்க வேண்டியவை மூன்று. முதலாவது, நான்கு ரயர்களும் ஒரே அளவினவாகவும் ஏறக்குறைய ஒரே தேய்வினவாகவும் இருக்க வேண்டும். ஓரச்சில் புதிய ரயர்களும் மற்றதில் தேய்ந்த ரயர்களும் இருப்பின், நேரான வீதியிலும் அச்சுகள் வேறுபட்ட வேகத்திற் சுழலும். பாகுப் பிணைப்பு அதனை ஓயாத வழுக்கல் என்றே கொள்ளும். நாள் முழுவதும் சூடேறி, விரைவிற் கெடும். இரண்டாவது, வண்டி பழுதுற்றால் இரு சில்லுகளைத் தூக்கி இரு சில்லுகளைத் தரையில் உருட்டி இழுத்துச் செல்லலாகாது. நான்கையும் தரையினின்று உயர்த்தியே கொண்டுசெல்ல வேண்டும். மூன்றாவது, பாகு ஆண்டுகள் பல சென்றபின் தன் இயல்பை இழக்கும். தடித்து இறுகினால் குறுகிய வளைவுகளில் வண்டி இழுபட்டு முனகும். நீர்த்துவிட்டால் பின்னச்சு உதவிக்கு வராது. பின்னையதே அபாயம் மிக்கது. உலர்ந்த வீதியில் அக்குறை வெளிப்படுவதே இல்லை. உதவி தேவைப்படும் நாளில்தான் அது இல்லை என்பது தெரியவரும்.

இவற்றினும் பெரிதான உண்மை ஒன்று உண்டு. நாற்சில்லு உந்தல் வண்டியைப் புறப்படச் செய்யும். மேட்டில் ஏறச் செய்யும். நிறுத்துவதற்கோ அது பெரிதும் உதவாது. எல்லா மோட்டார் வண்டிகளுக்கும் நான்கு சில்லிலும் தடுப்பு உண்டு. பனியிலும் ஈர வீதியிலும் எத்தனை மீற்றரில் வண்டி நிற்கும் என்பதை ரயருக்கும் தரைக்கும் இடைப்பட்ட பற்றுதலே தீர்மானிக்கிறது. இரு சில்லு வண்டியின் சாரதிக்கு, புறப்படும்போதே சில்லு வழுக்கி வீதியின் நிலையை அறிவித்துவிடும். நாற்சில்லு வண்டியோ அவ்வெச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. இலகுவாகப் புறப்பட்டவன் இலகுவாக நிற்கவும் முடியும் என்று எண்ணி வேகங்கொள்கிறான். பிள்ளைகளின் பாதுகாப்புக்கென வாங்கிய கருவி, அறியாமையோடு சேர்ந்தால், அப்பாதுகாப்புக்கே பகையாகும்.

மினிவானிலே நாற்சில்லு உந்தல் சில காலம் பின்வாங்கியது. கிறைஸ்லர் நிறுவனம் 2005ஆம் ஆண்டு வகையில் இருக்கைகளை மடித்து அடித்தளத்துள் மறைக்கும் முறையைக் கொணர்ந்தது. அக்குழிகளுக்கு இடம் வேண்டியிருந்தது. பின்னச்சுக்குச் செல்லும் தண்டு இடத்தை இழந்தது. 2004ஆம் ஆண்டு வகையோடு அதன் நாற்சில்லு மினிவான் நின்று, 2020இல்தான் மீண்டும் வந்தது. வாங்குவோர் பனியை நினைத்த நாட்கள் சில. பொருள்களை ஏற்றிய நாட்கள் பல. இருக்கையே வென்றது.

இதற்கிடையில் யப்பானிலே வேறொரு விடை எழுந்தது. 2001ஆம் ஆண்டில் டொயோட்டா நிறுவனம் வெளியிட்ட எஸ்டிமா கலப்பு வகையில், முன்சில்லுகளைப் பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் இயக்கின. பின்சில்லுகளைத் தனியொரு மின்மோட்டார் இயக்கியது. முன்னச்சையும் பின்னச்சையும் இணைக்கும் தண்டே இல்லை. 2021ஆம் ஆண்டு வகையான சியென்னா மினிவானும் இம்முறையையே மேற்கொண்டது. இரு அச்சுகளுக்கும் இடையே பொறிவழிப் பிணைப்பு இல்லையாதலால் முறுக்கும் இல்லை, பாகும் வேண்டா. 1900ஆம் ஆண்டில் வியன்னாவில் போர்ஷே சில்லுக்குள் வைத்த மின்மோட்டாரின் எண்ணம், நூறாண்டு கழித்துக் குடும்ப வண்டியின் பின்னச்சிலே மறுபிறவி எடுத்தது.

பாகுப் பிணைப்பைத் தாங்கிய வான்கள் இன்று முதுமை எய்திவிட்டன. ஆயினும், உலகின் பல வீதிகளில் அவை இன்னும் ஓடுகின்றன; அவற்றின் அடியிலே, எவர் கண்ணுக்கும் படாமல், ஒரு பிடியளவு சிலிக்கோன் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. சில்லுகள் யாவும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும் என்று கட்டாயப்படுத்திய முறைகள் தண்டுகளை உடைத்தன. ஒவ்வொன்றையும் அதனதன் போக்கில் முற்றாக விட்ட முறைகள் பனியிலே நின்றுவிட்டன. வேறுபட இடங்கொடுத்து, தளர்ந்தபோது பற்றிக்கொண்ட முறையே குடும்பங்களை மலையேற்றியது. அதன் பயனை இன்றும் பெறுவோர் ஆண்டுக்கொருமுறை நான்கு ரயர்களின் தேய்வையும் அளந்து பார்ப்பாராயின், அப்பொறி தன் கடமையை இன்னும் பல ஆண்டு பிழையின்றிச் செய்யும்.